பம்ப் ஓடினால் போர்டு அணைகிறதா? குற்றவாளி பேட்டரிதான்

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் அறிவியல் கண்காட்சிக்காக, செடிக்குத் தானாகத் தண்ணீர் விடும் கருவி செய்கிறாள். ஆர்டுயினோ ஊனோ (புரோகிராம் எழுதி இயக்கும் சின்ன மின்னணு போர்டு), மண் ஈரப்பத சென்சார், ரிலே (போர்டு சொன்னபடி பம்பைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்), சின்ன பம்ப், 9 வோல்ட் பேட்டரி எல்லாம் வாங்கியாயிற்று. பம்ப் ஓட ஆரம்பித்ததுமே போர்டு அணைந்து அணைந்து எரிகிறது. ரிலே டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கிறது. "போர்டு போய்விட்டது, 3,500 ரூபாய் கொடுங்கள், செய்து முடித்தே தருகிறேன்" என்கிறார் கடைக்காரர். கொடுத்துவிடலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: கொடுக்காதீர்கள். போர்டு போயிருந்தால் மறுபடி எரியாது.

அந்தச் சதுர 9 வோல்ட் பேட்டரி மல்டிமீட்டர் போன்ற, சொற்ப மின்சாரம் இழுக்கும் கருவிகளுக்கானது. தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் குழாய் ஊசி போல இருந்தால் என்ன ஆகும்? அதே கதைதான். பம்ப் கிளம்பும் நொடியில் இழுக்கிற இழுப்பில் பேட்டரியின் வோல்டேஜ் சரிகிறது, போர்டு அணைகிறது, ரிலே விடுபடுகிறது. பம்ப் நின்றதும் வோல்டேஜ் ஏறி, போர்டு எழுந்து, மண் காய்ந்திருப்பதைப் பார்த்துத் திரும்பவும் பம்பைப் போடுகிறது. நீங்கள் கேட்கும் டக் டக் இதுதான்.

பம்புக்குத் தனி மின்சாரம் கொடுங்கள். நான்கு பென்சில் செல், அதற்கான ஹோல்டர், அவ்வளவே. செல்லின் பிளஸ் ரிலேயில் 'காம்' (COM) என்று எழுதிய முனைக்கு. 'என்ஓ' (NO) முனையிலிருந்து பம்பின் சிவப்பு ஒயருக்கு. பம்பின் கறுப்பு ஒயர் செல்லின் மைனஸுக்கு. போர்டை செல்போன் சார்ஜரில் ஓட்டுங்கள். பவர் பேங்க் வேண்டாம். இழுப்பு குறைவு என்று பல பவர் பேங்க்குகள் தாமாகவே அணைந்துவிடும்.

வீடியோக்களில் எல்லா மைனஸையும் ஒன்றாகச் சேர்க்கச் சொல்வார்கள். ரிலே வைத்திருக்கும் உங்களுக்கு அது தேவையில்லை. ரிலேயின் சுவிட்ச் பக்கத்துக்கும் போர்டுக்கும் மின்தொடர்பே கிடையாது. உள்ளே காந்தம் இழுக்கிறது, தகடு தொடுகிறது, அவ்வளவுதான். ரிலேக்குப் பதிலாக டிரான்சிஸ்டர் போட்டால் மட்டும் செல்லின் மைனஸையும் போர்டின் மைனஸான ஜிஎன்டி (GND) முனையையும் கட்டாயம் சேர்க்க வேண்டும்; இல்லாவிட்டால் பம்ப் அசையாது. இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல பாகங்களைக் குப்பையில் போடுகிறவர்கள் ஏராளம்.

இரண்டு கால் உள்ள சென்சாருக்கு 5 வோல்ட்டை எப்போதும் கொடுத்தே வைத்தால், ஈர மண்ணில் மின்பகுப்பு நடந்து சில நாட்களிலேயே பூச்சு அரித்துவிடும். அதன் விசிசி (VCC, பிளஸ்) ஒயரை போர்டின் 7ஆம் பின்னில் செருகி, ஈரத்தை அளக்கும்போது மட்டும் உயிர் கொடுக்கச் சொல்லுங்கள். பம்ப் 2 நொடி ஓடட்டும். தண்ணீர் மண்ணில் இறங்க 10 நிமிடம் விட்டு மறுபடி அளக்கட்டும். அவசரப்பட்டால் செடி மூழ்கும். எந்த அளவில் பம்ப் போட வேண்டும் என்பதை இணையத்திலிருந்து காப்பியடிக்காமல், காய்ந்த மண், நனைந்த மண் இரண்டிலும் அவளே அளந்து, நடு எண்ணை வைக்கட்டும்.

பம்ப் நின்ற பிறகும் தண்ணீர் வடிந்தால் புரோகிராமைத் திட்டாதீர்கள். வாளியின் நீர்மட்டத்தைவிடக் குழாயின் முனை தாழ்வாக இருக்கிறது. முனையை உயர்த்திக் கட்டுங்கள்.

கடைக்காரருக்கு வருவோம். எல்லாப் பாகமும் புதிதாக வாங்கினாலும் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்தான். மீதி தெர்மாகோலுக்கும் பெயின்ட்டுக்கும். பள்ளிகள் கண்காட்சிக்கு ஒரு வாரம் முன்னால் சுற்றறிக்கை விட்டு, மினுமினுக்கும் மாடலுக்கே மார்க் போடுகிற வரை இந்த வியாபாரம் ஓயாது. பள்ளி மாணவர்களின் அறிவியல் யோசனைகளுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் மானக் விருதுக்கு 'பதிவு செய்து தருகிறேன்' என்று பணம் கேட்கும் ஆட்களும் உண்டு. அதற்குப் பள்ளிதான் பரிந்துரைக்கிறது, கட்டணமே இல்லை. தேர்வானால் 10,000 ரூபாய் மாணவியின் வங்கிக் கணக்குக்கே வரும்.

கண்காட்சியன்று நான்கு செல்லையும் புதிதாகப் போடுங்கள். தண்ணீர் இல்லாமல் பம்பை ஓட்டிக் காட்டச் சொன்னால் மறுத்துவிடச் சொல்லுங்கள். அந்தச் சின்ன பம்ப் வறண்டு ஓடினால் கருகிவிடும்.