காலில் தேங்குவது கெட்ட இரத்தமா?

கேள்வி: எனக்கு வயது 46. நாள் முழுவதும் நின்றபடியே வேலை செய்கிறேன். இடது கெண்டைக்காலில் நரம்புகள் நீல நிறத்தில் சுருண்டு புடைத்திருக்கின்றன. மாலையில் கால் கனத்துக் கணுக்கால் வீங்குகிறது, காலையில் வடிந்துவிடுகிறது. கெட்ட இரத்தம் தேங்கியிருப்பதாகவும், கீறி வெளியேற்றினால் சரியாகும் என்றும் நண்பர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பேச்சு வழக்கில் நாம் நரம்பு என்று சொன்னாலும், உங்கள் காலில் புடைத்திருப்பவை இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் சிரைகள். அவற்றில் ஓடுவது கெட்ட இரத்தமும் அன்று. ஓய்வில் இருக்கும்போது, உடலைச் சுற்றித் திரும்பும் இரத்தத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஆக்சிஜன் மீதமிருக்கும். தோலுக்கு அடியில் நீலமாகத் தெரிந்தாலும், ஊசியில் எடுத்தால் அது கருஞ்சிவப்புதான். அதைக் கீறி வெளியேற்றினால் புண்ணும் கிருமித்தொற்றும் வரலாமே தவிர, தேக்கம் தீராது. ஏனெனில் கோளாறு இரத்தத்தில் இல்லை, அது திரும்பிச் செல்லும் வழியில் இருக்கிறது.

ஓய்வில் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. அவ்வளவும் திரும்பி வந்தாக வேண்டும். இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுசெல்லும் தமனியில் இருந்த அழுத்தம், தமனியையும் சிரையையும் இணைக்கும் நுண்குழாய்களைக் கடப்பதற்குள் பெரும்பாலும் தணிந்துவிடுவதால், நிற்பவரின் காலிலிருந்து இரத்தம் மேலேறக் கெண்டைக்கால் தசையின் துணை தேவைப்படுகிறது. நடக்கும்போது அத்தசை சுருங்கி ஆழத்துச் சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ள, தசை தளரும் நேரத்தில் சிரைக்குள் இருக்கும் வால்வுகள் மூடிக்கொண்டு அது கீழிறங்காமல் காக்கின்றன. இரத்தம் சுற்றி வருகிறது என்பதை 1628-இல் விளக்கிய ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி, கையில் துணியைக் கட்டிப் புடைத்த சிரையை விரலால் நீவிக் காட்டியதும் இந்த வால்வுகளின் வேலையைத்தான். அசையாமல் நிற்கும்போது கணுக்காலில் சிரை அழுத்தம் பாதரச அளவில் 80 முதல் 90 மி.மீ. வரை இருக்கும், வால்வுகள் நலமாக உள்ள காலில், சில அடிகள் நடந்தாலே அது 30-ஐ ஒட்டி இறங்கிவிடும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால், தோலை ஒட்டிய சிரைகளில் வால்வுகள் தளர்ந்து, மேலே போன இரத்தம் மீண்டும் இறங்குவதாகத் தோன்றுகிறது. இதைத்தான் வெரிகோஸ் வெயின் என்று சொல்லக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இரத்தம் ஓடும் திசையை ஒலி அலைகளால் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் எந்த வால்வு பழுது என்பது தெரியும். அதைப் பொறுத்தே லேசர் போன்ற சிகிச்சை தேவையா என்று முடிவு செய்யலாம். அழுத்தக் காலுறை நல்ல பலன் தரும் என்றாலும், காலுக்கு வரும் தமனி ஓட்டம் சரியாக உள்ளதா என்று மருத்துவர் பார்த்த பிறகே அணியுங்கள். நிற்கும்போது அவ்வப்போது குதிகாலை உயர்த்தித் தாழ்த்துங்கள். படுக்கும்போது கால்களை இதய மட்டத்துக்கு மேலே வையுங்கள்.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, வலியும் சூடும் சேர்ந்தால், ஆழத்துச் சிரையில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கூடவே மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். புடைத்த சிரை உடைந்து இரத்தம் பீறிட்டால், தொடையில் கயிறு கட்டாமல், உடனே படுத்துக் காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அந்த இடத்தை விடாமல் அழுத்திப் பிடித்தபடி உதவிக்கு அழையுங்கள்.