வால்டர் கிராங்கைட்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அமெரிக்க டிவி செய்தி வாசிப்பாளர் கிராங்கைட், ஜனாதிபதி கென்னடி இறந்த செய்தியை மற்றவர்களைவிடத் தாமதமாகத்தான் சொன்னாராமே சார்?

பதில்: தாமதம் இல்லை, பிடிவாதம். 1963 நவம்பர் 22 அன்று அவர் வேலை பார்த்த சிபிஎஸ் டிவி, பகல் சீரியலை நிறுத்தி கென்னடி சுடப்பட்ட முதல் தகவலைச் சொன்னபோது, குரல் மட்டும்தான் வந்தது. அன்றைய கேமராக்கள் சூடேறவே நேரம் பிடிக்கும். சம்பவம் நடந்த டாலஸிலிருந்து சிபிஎஸ் நிருபர் டான் ராதர் சொன்னதை வைத்து சிபிஎஸ் ரேடியோ மரணத்தை அறிவித்தேவிட்டது. கிராங்கைட்டும் ராதர் சொன்னதைச் சொன்னார். ஆனால் அதிகாரபூர்வமாக உறுதியாகவில்லை என்று கூடவே சேர்த்துக்கொண்டார். ஏபி செய்தி நிறுவனத்தின் தகவல் தாள் கைக்கு வந்த பிறகே முடிவாக அறிவித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கடிகாரத்தைப் பார்த்து, இறந்து 38 நிமிடம் ஆகிறது என்று கணக்கும் சொன்னார். அதற்குப் பிறகுதான் தொண்டை அடைத்தது.

கேள்வி: அந்த நிதானம் எங்கே படித்தது?

பதில்: கல்லூரியில் இல்லை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டவர். கான்சாஸ் சிட்டி ரேடியோவில் இருந்தபோது, தீ விபத்தில் ஆட்கள் செத்ததாக ஒரு தகவல் வந்தது. தீயணைப்புத் துறையிடம் கேட்காமல் வாசிக்க மாட்டேன் என்றதில் வேலை போயிற்று என்று அவரே எழுதியிருக்கிறார். பிறகு யுனைடெட் பிரஸ் செய்தி நிறுவனம், இரண்டாம் உலகப் போர், பி-17 குண்டுவீச்சு விமானப் பயணம். போர்க் காலத்தில் சிபிஎஸ்ஸின் பிரபல செய்தியாளர் எட்வர்ட் மரோ அங்கே கூப்பிட்டும் போகவில்லை, 1950-ல்தான் போனார்.

கேள்வி: "கிராங்கைட்டை இழந்தால் நாட்டையே இழந்தேன்" என்று டிவியைப் பார்த்துக்கொண்டே ஜனாதிபதி ஜான்சன் சொன்னாராமே?

பதில்: வியட்நாம் போர் முட்டுச்சந்தில் நிற்கிறது என்று கிராங்கைட் சொன்னது 1968 பிப்ரவரி 27 இரவு. அன்று ஜான்சன் ஆஸ்டினில், டெக்சாஸ் கவர்னர் கானலியின் பிறந்தநாள் விழாவில் இருந்தார். (டாலஸில் கென்னடியோடு காரில் இருந்து குண்டடிபட்டாரே, அதே கானலி.) அந்த வாசகமும் ஆளுக்கு ஒரு மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. உறுதி செய்யாமல் வாசிக்காத மனிதரைப் பற்றி உறுதியாகாத கதை ஊரெல்லாம் சுற்றுவது வேடிக்கைதான்.

கேள்வி: ஸ்வீடனில் செய்தி வாசிப்பவர்களுக்கே 'கிராங்கைட்டர்' என்று பெயராமே?

பதில்: அதுவும் கதைதான்.

கேள்வி: சிபிஎஸ்ஸில் எத்தனை வருஷம் மாலைச் செய்தி வாசித்தார்?

பதில்: 1962 ஏப்ரல் முதல் 1981 மார்ச் வரை. 2009-ல், 92 வயதில் காலமானார்.

கேள்வி: நேரலையில் பேச்சே வராமல் நின்றதுண்டா?

பதில்: 1969 ஜூலை, அப்பல்லோ 11 நிலவில் இறங்கியபோது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு "ஓ பாய்" என்றார், அவ்வளவுதான். தயாராவதற்கு நாசாவுக்கு இருந்த அவகாசம் தனக்கும் இருந்ததே என்று பின்னால் நொந்துகொண்டார்.