ஸ்டெப்னியா, பாட்டிலா?

கேள்வி: புதிதாக எலெக்ட்ரிக் கார் எடுத்தேன். டெலிவரி அன்று டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி இல்லை, காற்றடிக்கும் சின்ன மெஷினும் ஏதோ திரவம் உள்ள பாட்டிலும்தான் இருக்கின்றன. கேட்டால் "ரூல்ஸே அப்படித்தான் சார்" என்கிறார்கள். உண்மையா? மாதம் ஒருமுறை ராத்திரியில் கிளம்பி ஊருக்குப் போகிறவன் நான். – ஓசூர் வாசகர்

பதில்: ஸ்டெப்னி வைக்கக் கூடாது என்று ரூல்ஸ் சொல்லவில்லை, வைக்காமல் விடலாம் என்றுதான் சொல்கிறது. 2020-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தினார்கள். டிரைவரோடு 9 பேர் வரை உட்காரும், 3.5 டன்னைத் தாண்டாத வண்டியில் டியூப்லெஸ் டயர், காற்று குறைந்தால் எச்சரிக்கும் டிபிஎம்எஸ், உங்கள் டிக்கியில் இருக்கும் மெஷினும் பாட்டிலும் சேர்ந்த பஞ்சர் கிட், இந்த மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை. கம்பெனிக்கு எடையும் மிச்சம், காசும் மிச்சம். விலையில் நமக்கு எவ்வளவு குறைத்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்!

அந்தக் கிட்டில் உருப்படியான பொருள் காற்றடிக்கும் கம்ப்ரஸர்தான். நம் ரோட்டில் பெரும்பாலும் ஆணியோ ஸ்க்ரூவோ ஏறி மெதுவாகத்தான் காற்று இறங்கும். அதைப் பிடுங்காமல், டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குக் காற்றை ஏற்றிக்கொண்டு அடுத்த பஞ்சர் கடை வரை போய்விடலாம், திரவத்தைத் தொடவே வேண்டாம்.

பாட்டில் கடைசி அஸ்திரம். டயர் தரையைத் தொடும் பகுதியில், சுமார் 4 மில்லிமீட்டர் வரை உள்ள ஓட்டையைத்தான் அடைக்கும். ஏற்றியதும் சில கிலோமீட்டர் ஓட்டினால்தான் உள்ளே பரவும், அப்புறம் நிறுத்திக் காற்றைப் பார்க்க வேண்டும், நன்றாக இறங்கியிருந்தால் அதற்கு மேல் நகர்த்தாதீர்கள். காற்று இறங்காமல் நின்றிருந்தாலும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. பஞ்சர் கடையில் உள்ளே திரவம் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், தெரியாமல் கழற்றினால் எல்லாம் அவர் மேல்தான் கொட்டும். டிபிஎம்எஸ் சென்சாரையும் துடைக்கச் சொல்லுங்கள். பாட்டிலுக்குக் காலாவதி தேதி உண்டு, பலரும் பார்ப்பதே இல்லை.

ஆனால் டயரின் பக்கவாட்டு கிழிந்தாலோ, பள்ளத்தில் இறங்கி ரிம் நெளிந்தாலோ கிட் மொத்தமும் வீண். ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர் என்றால் இன்சூரன்ஸோடு, வழியில் நின்றால் உதவிக்கு ஆள் அனுப்பும் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் போதும் என்பேன். ராத்திரி நெடுஞ்சாலைக்கு என் ஓட்டு ஸ்டெப்னிக்குத்தான். அளவு ஒன்றுதானே என்று வேறு கார் வீலை வாங்கிவிடாதீர்கள்: போல்ட் ஓட்டைகள், நடு ஓட்டை பொருந்த வேண்டும், வீலுக்கு உள்பக்கம் இருக்கும் பிரேக் காலிபரில் இடிக்கக் கூடாது, எலெக்ட்ரிக் கார் எடை அதிகம் என்பதால் டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று சொல்லும் லோடு இண்டெக்ஸும் சரியாக இருக்க வேண்டும். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் தனியாக வாங்க வேண்டியிருக்கும். ஜாக்கி வைக்கும் இடத்தை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள், தரையடியில் இருப்பது பேட்டரி. டிக்கியில் ஸ்டெப்னிக்குக் குழி இல்லாவிட்டால் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டுங்கள், சடன் பிரேக் போட்டால் அது பின்சீட்டைத்தான் வந்து முட்டும்.

கேள்வி: என் 2017 காரில் ஸ்டெப்னியை ஒருமுறைகூட இறக்கியதில்லை, புதுசு மாதிரியே இருக்கிறது. தேய்ந்த டயருக்குப் பதிலாக அதையே மாட்டி ஓட்டலாமா? – திருநெல்வேலி வாசகர்

பதில்: வேண்டாம். டயரின் பட்டன் தேயாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 2317 என்றால் 2017-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செய்தது. பல கார் கம்பெனிகள் 6 வருஷத்தில் டயரை மாற்றச் சொல்கின்றன, ஓடாத ஸ்டெப்னிக்கும் சேர்த்துத்தான். தேய்ந்ததற்குப் புது டயர் வாங்கும்போது ஸ்டெப்னிக்கும் ஒன்று சேர்த்து வாங்குங்கள். அதுவரை பெட்ரோல் பங்கில் நாலு வீலுக்கும் காற்றுப் பிடிக்கும்போது டிக்கியையும் திறந்து காட்டுங்கள், இத்தனை வருஷத்தில் அதில் பாதிக் காற்றுகூட இல்லாமல் இருக்கலாம்.