மாத்தேரான் ஏற்றத்தில் நடக்கலாமா?

அன்புள்ள ஐயா,

டோம்பிவிலியில் இருக்கிறேன். ஜனவரியில் மும்பை அரை மாரத்தான் ஓடினேன். பெடர் ரோடு ஏற்றத்தைக்கூட நிற்காமல் ஏறியவன். போன ஞாயிறு மும்பைக்குப் பக்கத்து மலை ஊரான மாத்தேரானில், கார்கள் நிற்கும் தஸ்தூரி நாக்காவிலிருந்து காட்டு வழியாக சார்லட் ஏரிக்குப் போனோம். ஏற்றம் வந்தபோதெல்லாம் நடந்தேன். வாட்சைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. கூட வந்த மச்சினன், "இதுக்குக் குதிரையிலயே வந்திருக்கலாம்" என்கிறான். நடந்தால் அது ஓட்டக் கணக்கில் வருமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தாராளமாக வரும். மலை ஓட்டப் பந்தயங்களில் முதலில் வருகிறவர்களே செங்குத்தான இடங்களில் தொடையில் கையூன்றி நடந்துதான் ஏறுகிறார்கள். சரிவு கூடக்கூட, ஓடுவதால் மிச்சமாகும் நேரம் சொற்பம், போகும் மூச்சு ஏராளம். மச்சினனுக்கு இதைச் சொல்லுங்கள், கேட்பாரா தெரியாது.

பெடர் ரோடு தார் ரோடு. மாத்தேரானோ சுமார் 800 மீட்டர் உயரத்தில், செம்மண்ணும் துருத்திய கல்லும் மரவேருமாகக் கிடக்கிற பாதை. போதாததற்குக் குதிரை லத்தி வேறு. இங்கே கிலோமீட்டருக்கு எத்தனை நிமிஷம் என்று பார்ப்பதில் அர்த்தமே இல்லை. பக்கத்தில் வருபவரிடம் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடிகிறதா? முடியாவிட்டால் நடங்கள். மூச்சு திரும்பியதும் ஓடுங்கள்.

எனக்குக் கவலை உங்கள் இறக்கத்தைப் பற்றித்தான். அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை நீங்கள். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்கிறது. வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாள் காலை ஸ்டேஷன் பாலத்தில் படி இறங்கும்போது தெரியும். உடம்பைப் பின்னால் சாய்த்து குதிகாலை ஊன்றி இறங்காதீர்கள். அடியைச் சின்னதாக, வேகமாக வையுங்கள். பார்வை காலடியில் இல்லாமல் நாலைந்து அடி முன்னால் இருக்கட்டும். மாரத்தான் ஷூ இதற்கு ஆகாது, அடியில் பல் வைத்தது வேண்டும். காய்ந்த நாளில் பொடிக்கல் உருளும், மழையில் பாசி வழுக்கும். கணுக்கால் பிசகினால் காட்டுக்குள் ஆட்டோ வராது. வெளியிலிருந்து வரும் கார், பைக்கெல்லாம் தஸ்தூரியோடு சரி.

அப்புறம், சார்லட் ஏரி ஊருக்குக் குடிதண்ணீர். எவ்வளவு வியர்த்திருந்தாலும் இறங்கிக் காலை நனைக்க வேண்டாம். கரையில் உட்கார்ந்து கடலைமிட்டாய் பொட்டலத்தைப் பிரிக்கவும் வேண்டாம், மாத்தேரான் குரங்குகளுக்கு வெட்கமே கிடையாது.