காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்த கடிதம் என்னைக் கட்டுப்படுத்துமா?

கேள்வி: கொடைக்கானல் மேல்மலைக் கிராமம் ஒன்றில் பூண்டு வியாபாரம் செய்கிறேன். சோலைக்காட்டில் பணிபுரியும் வேட்டைத் தடுப்புக் காவலருக்கும் தாவர ஆய்வுக்கு வரும் இளைஞருக்கும் இடையே மலரும் காதலை நாவலாக எழுதி, சொந்தச் செலவில் அச்சிட்டேன். ஊரில் சிலர் ஆபாசம் என்று புகார் கொடுத்துவிட்டார்கள். காவல் நிலையத்திலிருந்து போன் செய்து வரவழைத்தவர்கள் "நீயும் அப்படித்தானா?" என்று கேட்டார்கள். நாவலைத் திரும்பப் பெறுகிறேன், இனி இப்படி எழுதமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு, மீதிப் பிரதிகளையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கிடையே எங்கள் பகுதியின் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர், "கதையில் வருவது நான்தான் என்று எல்லாரும் பேசுகிறார்கள், வழக்குப் போடுவேன்" என்கிறார். அவருடைய சில அடையாளங்களை எடுத்துக்கொண்டது உண்மைதான். இருவரும் பேரிஜம் காட்டில் அனுமதியின்றி இரவு தங்குவதாக எழுதியதற்கு வனத்துறை நடவடிக்கை எடுக்குமா?

பதில்: பிரதிகளைக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். பயத்தில் எரித்தும் விடாதீர்கள். வழக்குப் பதிவு செய்யாமல், மகஸர் (சாட்சிகள் முன் எழுதும் பறிமுதல் குறிப்பு) எழுதாமல், காவல்துறை உங்கள் புத்தகத்தை எடுத்துச் செல்ல முடியாது. ஒரு நூலையே பறிமுதல் செய்ய வேண்டுமென்றால் மாநில அரசுதான் காரணம் காட்டி அறிவிக்கை வெளியிட வேண்டும். அதையும் உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம்.

நீங்கள் எழுதிக் கொடுத்த கடிதம் உங்களைக் கட்டுப்படுத்தாது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் நடத்திய சமாதானப் பேச்சுவார்த்தையில் எழுத்தாளர் பெருமாள்முருகனிடம் இப்படித்தான் மன்னிப்பும் நாவலைத் திரும்பப் பெறும் உறுதியும் எழுதி வாங்கினார்கள். அந்த உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்களுக்கு இதைவிட வலுவான தீர்ப்பு தேவையில்லை. கடிதம் எந்தச் சூழ்நிலையில் வாங்கப்பட்டது என்பதை எழுதி, மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் இந்த வாரமே அனுப்புங்கள். இனி அழைத்தால் எழுத்துமூலம் அழைப்பாணை கேளுங்கள்.

"நீயும் அப்படித்தானா?" என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை. ஒரே பாலினத்தவரானாலும் வயது வந்த இருவர் மனமொத்து நேசிப்பது குற்றமல்ல என்று 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. தன்பாலீர்ப்பினரையும் அவர்களுக்காகப் பணியாற்றுகிறவர்களையும் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்று தமிழகக் காவலர் நடத்தை விதிகளில் 2022-இல் தனி விதியே சேர்க்கப்பட்டிருக்கிறது. கண்காணிப்பாளருக்கு எழுதும் கடிதத்தில் இதையும் குறிப்பிடுங்கள்.

ஆபாசம் என்ற புகாருக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய பிரதியைப் படித்தேன். அவர்கள் சிவப்பு மையால் கோடிட்ட பக்கத்தில், மழையில் நனைந்த இருவர் ஒரே கம்பளியைப் போர்த்திக்கொண்டு விறகடுப்பில் கடுங்காப்பி காய்ச்சுகிறார்கள். ஒருவர் மற்றவரின் காலிலிருந்து அட்டையைப் பிய்த்து எடுக்கிறார். அதற்கு மேல் அங்கே எதுவும் இல்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் ஆபாச நூல்களைப் பற்றிய 294-ஆவது பிரிவு இதைத் தொடாது. ஒரு பக்கத்தைத் தனியே பிய்த்து வைத்துக்கொண்டு ஆபாசம் என்று தீர்மானிக்க முடியாது. நூலை முழுமையாக, இன்றைய சமூகத்தின் அளவுகோலில் பார்க்க வேண்டும் என்பது 2014 முதல் உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. இலக்கிய நோக்கத்துக்கு அந்தப் பிரிவிலேயே விலக்கும் உண்டு. ஆண், பெண் காதலில் இதே காட்சி வந்திருந்தால் யாரும் கோடு போட்டிருக்கமாட்டார்கள்.

சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்தான். ஆனால் நுழைய வேண்டியவர் மனிதராக இருக்க வேண்டும். கதாபாத்திரம் நுழைந்ததற்கு உங்கள்மேல் வழக்கு வராது. அட்டைப் படத்தை நீங்களே உள்ளே போய் எடுத்திருந்தால் மட்டும் அனுமதிச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

எனக்கு உண்மையாகவே கவலை தருவது அந்த வேட்டைத் தடுப்புக் காவலரின் விஷயம். அவருக்காகவே உங்கள் ஊர்ப் பெயரையும், கடிதத்தில் இருந்த அடையாளங்களையும் இங்கே நீக்கியிருக்கிறேன். ஓர் ஆணைக் காதலிப்பதாக எழுதுவது இழிவு என்று நான் எந்த நீதிமன்றத்திலும் வாதிடமாட்டேன். ஆனால் உங்கள் கதையில் அவர் பணி நேரத்தில் சோதனைச் சாவடியைத் திறந்துவிட்டு, அனுமதி இல்லாதவரைக் காட்டுக்குள் தங்கவைக்கிறார். தற்காலிகப் பணியில் இருக்கும் ஒருவருக்கு அந்த வரி போதும், வேலை போய்விடும். அவதூறு என்று அவர் வாதிட இடம் கொடுப்பது அதுதான். "கதையில் வருபவை அனைத்தும் கற்பனையே" என்ற முதல் பக்க வாசகம் உங்களை முழுவதும் காப்பாற்றாது. அவரை அறிந்தவர்கள் படித்தால் அவர்தான் என்று தெரிகிறதா என்பதே கேள்வி.

அவதூறுக்குக் காவல் நிலையத்தில் நேரடியாக வழக்குப் பதிய முடியாது. அதே சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவின்கீழ் அவரே நீதித்துறை நடுவரிடம் புகார் கொடுக்க வேண்டும். நஷ்டஈடு கேட்பதென்றால் வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் உரிமையியல் வழக்குப் போட வேண்டும். அந்தரங்க உரிமையும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஆட்டோ சங்கர் தன்வரலாற்றை நக்கீரன் வெளியிடுவது தொடர்பான வழக்கில், வெளிவருமுன்னே தடுக்க அதிகாரிகளுக்கு உரிமையில்லை என்று 1994-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். தனிமனிதரின் அந்தரங்க வாழ்க்கையை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்று சொன்னதும் அதே தீர்ப்புதான். அவர் உண்மையில் யாரை நேசிக்கிறார் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியவேண்டியதில்லை. ஊர் அதைப் பற்றிப் பேசத் தொடங்கியதற்கு உங்கள் எழுத்து காரணமாகிவிட்டது.

ஆகவே அவர் வழக்குப் போடும்வரை காத்திருக்காதீர்கள். விற்பனையை நீங்களாகவே நிறுத்திவையுங்கள். காவல் நிலையத்திலோ ஊர்ப் பஞ்சாயத்திலோ வேண்டாம், ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் அவருடன் உட்காருங்கள். அவருடைய அடையாளங்களையும் சாவடிக் காட்சியையும் மாற்றி மறுபதிப்பு கொண்டுவருவதாக நீங்கள் ஒப்புக்கொள்ளுங்கள். அதற்கு ஈடாக வழக்குத் தொடுப்பதில்லை என்று அவர் ஒப்புக்கொள்ளட்டும். இருவரும் மனமொத்துப் போடும் அந்த உடன்படிக்கை இருவரையும் கட்டுப்படுத்தும். காதலை மாற்ற வேண்டாம். அதில் குறை ஏதும் இல்லை.

அவருக்கும் தனி வழக்கறிஞர் இருப்பது நல்லது. செலவுக்கு யோசித்தால் வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகச் சொல்லுங்கள். வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இலவசமாகவே வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம்.