ஃபெலா குட்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, நைஜீரிய இசைக்கலைஞர் ஃபெலாவின் அரசியல் அமெரிக்காவில்தான் பிறந்தது என்கிறார்களே, சரியா?

பதில்: பாதிதான் சரி. 1969-இல் லாஸ் ஏஞ்சலிஸில் கறுப்பின உரிமைச் செயற்பாட்டாளர் சாண்ட்ரா இசிடோர் வழியாக, அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸின் எழுத்தும் கருஞ்சிறுத்தைகள் என்ற கறுப்பின உரிமை இயக்கத்தின் சிந்தனையும் அறிமுகமானது அவருடைய பாட்டின் பொருளையே மாற்றியது. ஆனால் வேர் நைஜீரியாவின் அபெயோகுட்டாவில் இருக்கிறது. அவருடைய தாய் ஃபுன்மிலாயோ, வரிச்சுமையால் நொந்த சந்தைப் பெண்களைத் திரட்டி அரண்மனையை முற்றுகையிட்டார்; அப்பெண்கள் அரசரை ஏசிப் பாட்டுக் கட்டிப் பாடினார்கள்; 1949-இல் அரசர் அரியணையை விட்டு இறங்க வேண்டியதாயிற்று. ஃபெலாவுக்கு அப்போது பத்து வயது. தாயை விட்டுவிட்டு மகனைப் படிக்காதீர்கள்.

கேள்வி: நோபல் பரிசு பெற்ற நைஜீரிய எழுத்தாளர் வோலே சோயிங்கா ஃபெலாவுக்கு உறவா?

பதில்: ஆம்.

கேள்வி: 1977-இல் அவர் வீடு ஏன் தாக்கப்பட்டது?

பதில்: படைவீரர்களைச் சொன்னதைச் செய்யும் நடைபிணங்களாகச் சித்தரித்த ‘ஸாம்பி’ என்ற அவருடைய பாட்டு ஊரெங்கும் ஒலித்தது ஒரு காரணம், தம் வளாகத்தைக் ‘கலகுட்டா குடியரசு’ என்று அறிவித்து இராணுவ ஆட்சியை மதியாமல் வாழ்ந்தது மற்றொன்று. பிப்ரவரி 18 அன்று ஏறத்தாழ ஆயிரம் வீரர்கள் புகுந்து அடித்து நொறுக்கி, வீட்டுக்குத் தீ வைத்தார்கள். எழுபத்தாறு வயதுத் தாயைச் சன்னல் வழியே தூக்கி எறிந்தார்கள். மறு ஆண்டு அந்தத் தாய் இறந்தார். விசாரணைக் குழுவோ ‘அடையாளம் தெரியாத வீரர்’ செய்தது என்று கைகழுவியது. அதற்கு மறுமொழியாக ஃபெலா ஒரு சவப்பெட்டியைச் சுமந்து சென்று, ஆட்சித் தலைமை அமர்ந்திருந்த டோடான் படைமுகாமின் வாசலில் வைத்தார்.

கேள்வி: 1978-இல் ஒரே சடங்கில் 27 பெண்களை மணந்தவர் எப்படிப் புரட்சியாளர்?

மற்றொரு வாசகர்: வீடிழந்த அந்தப் பெண்களுக்கு மதிப்பான இடம் தரத்தானே மணந்தார்?

பதில்: இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. அவர்களில் பலர் அவருடைய குழுவில் பாடியவர்கள், ஆடியவர்கள். சிப்பாய்களின் வன்முறைக்கு ஆளானவர்கள். ஊரார் ஏச்சுக்கும் இலக்கானவர்கள். அவர்களைக் கைவிடாதது பெருமைதான். ஆனால் அந்த வீட்டின் சட்டங்களை வகுத்தவர் அவர் ஒருவரே. பெண்களின் உரிமைக்காக அரசரையே எதிர்த்தவரின் மகன், பெண்ணை ஆணுக்குச் சமமாக ஏற்கவில்லை. அவரைப் புனிதராக்கவும் வேண்டாம். இதை மட்டும் காட்டி, சிறையும் அடியும் பட்ட வாழ்வைத் தள்ளிவிடவும் வேண்டாம்.

கேள்வி: ஒரு பாட்டுக்காகவா வீட்டை எரித்தார்கள்?

பதில்: மேலே விடை இருக்கிறது, முன் பதில்களைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: 1984-இல் ஏன் சிறை சென்றார்?

பதில்: அந்நியச் செலாவணிக் குற்றச்சாட்டில் புகாரியின் இராணுவ ஆட்சி அடைத்தது. ஆம்னஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு அவரை மனச்சான்றுக் கைதியாக, அதாவது கருத்துக்காகச் சிறைப்பட்டவராக அறிவித்தது, 1986-இல் விடுதலையானார்.

கேள்வி: இறப்புக்குக் காரணம் என்ன?

பதில்: 1997 ஆகஸ்ட் 2 அன்று, எய்ட்ஸ் தொடர்பான நோயால் இறந்தார். அதை ஊரறியச் சொன்னவர் அவருடைய அண்ணனும் முன்னாள் சுகாதார அமைச்சருமான மருத்துவர் ஒலிகோயே. அந்நோயின் பெயரைச் சொல்லவே குடும்பங்கள் கூசிய காலம் அது.