வேர் எங்கே போனது?

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு ஆறரை வயது. போன வாரம் அவனுக்குக் கீழ் முன்பல் ஒன்று விழுந்தது. அதைத் தீப்பெட்டியில் பஞ்சு போட்டு வைத்திருக்கிறான். "பல்லுக்கு வேர் இருக்கும்னு மிஸ் சொன்னாங்க. இதுல வேரே இல்லையே, உள்ளேயே ஒடஞ்சி நின்னுடுச்சா?" என்று தினமும் கேட்கிறான். எனக்கும் அந்தப் பயம் வந்துவிட்டது. அதற்குப் பக்கத்துப் பல் இன்னும் விழவில்லை. அதன் பின்னாலேயே புதுப் பல் முளைத்து இரண்டு வரிசையாகத் தெரிகிறது. உடனே பிடுங்கிவிட வேண்டும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். கீழ்க் கடைவாயில் ஒரு பல் கறுத்திருக்கிறது. சில நாள் ராத்திரியில் வலிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்துகொள்கிறான். "விழப்போற பல்லுக்கு எதுக்குச் செலவு" என்கிறார் வீட்டுக்காரர். மகளுக்குப் பத்து மாதம். அவளுக்கு மேல் பல் முதலில் முளைத்துவிட்டது. தாய்மாமனுக்கு ஆகாது என்று மாமியார் சொன்னதிலிருந்து, என் தம்பி வந்தால் குழந்தையை அவன் கையில் கொடுக்கவே தயக்கமாக இருக்கிறது. என் பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி, குடியாத்தம்

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகனின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குள் மற்றதற்கும் பதில் இருக்கிறது.

தீப்பெட்டியைத் திறந்து அந்தப் பல்லை வெயில் வெளிச்சத்தில் கவிழ்த்துப் பாருங்கள். மேலே வழவழவென்று வெள்ளையாக இருக்கும். அடியில் சின்னக் குழி, அதைச் சுற்றிக் கறையான் அரித்த கட்டையின் ஓரம்போல் சொரசொரப்பு. உடைந்திருந்தால் ஓரம் கூராக இருக்கும். இது உடையவில்லை, கரைந்திருக்கிறது. அடியிலிருந்து நிரந்தரப் பல் மேலே வர வர, எலும்பைக் கரைக்கும் செல்களின் இனத்தைச் சேர்ந்த செல்கள் பால்பல்லின் வேரை நுனியிலிருந்து கரைத்துக்கொண்டே வருகின்றன. வேர் முழுக்கப் போனதும் மேல்மூடி மட்டும் ஈறில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பிள்ளை ஒரு பிஸ்கட்டைக் கடிக்கும்போது அது கையோடு வந்துவிடுகிறது. இந்த வேலை ஒரே மூச்சில் நடப்பதில்லை. கொஞ்சம் கரையும், நிற்கும், கரைந்த இடம் கொஞ்சம் பூசி மெழுகப்படும், மறுபடி கரையும். அதனால்தான் போன வாரம் கடகடவென்று ஆடிய பல் இந்த வாரம் இறுகிக்கொண்டது மாதிரி இருக்கிறது. மகனிடம் சொல்லுங்கள்: வேர் தொலையவில்லை, உள்ளே ஒடிந்தும் நிற்கவில்லை, அவன் உடம்பே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

அந்தப் பல்லைப் பற்றி இன்னொன்றும் உங்களுக்குச் சொல்ல ஆசை. நீங்கள் அவனை நாலு மாதமாகச் சுமந்திருந்தபோதே அது இறுகத் தொடங்கிவிட்டது. பிறந்த பிறகும் சில மாதம் எனாமல் படிந்துகொண்டிருந்தது. பிறப்பதற்கு முன் படிந்ததற்கும் பின் படிந்ததற்கும் நடுவே ஒரு கோடு விழும். பல்லை மெலிதாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் அந்தக் கோடு தெரியும். உங்கள் பிள்ளை பிறந்த நாள் அந்தத் தீப்பெட்டிக்குள் இருக்கிறது. காட்பாடிக்கு அந்தப் பக்கம் எங்கள் கிராமத்தில் என் ஆயா விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து ஓட்டின் மேல் எறியச் சொல்வார்கள். நானும் எறிந்தேன், ஒன்றுகூட மிச்சமில்லை. உங்கள் மகன் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் வைத்துக்கொள்ளட்டும்.

இரண்டு வரிசைக்குப் பயப்பட வேண்டாம். கீழ் முன்பற்களில் இது சர்வசாதாரணம். நிரந்தரப் பல்லின் முளை பால்பல்லுக்குப் பின்னால், நாக்குப் பக்கம்தான் இருக்கிறது. அது நேராக மேலே வராமல் கொஞ்சம் பின்பக்கமாக வந்தால் முன்னால் இருக்கும் வேர் முழுக்கக் கரையாமல் நிற்கும். பெரும்பாலும் சில வாரங்களில் பழைய பல் ஆடி விழும், நாக்கு புதுப் பல்லை மெல்ல மெல்ல முன்னுக்குத் தள்ளிவிடும். அவனே நாக்காலும் கழுவிய விரலாலும் ஆட்டிக்கொண்டிருக்கட்டும். ஆடாத பல்லை நூல் கட்டி இழுக்காதீர்கள். இரண்டு மூன்று மாதம் ஆகியும் அசையவே இல்லை என்றால் மட்டும் டாக்டர் எடுக்கட்டும். புதுப் பல் கொஞ்சம் மஞ்சளாக, ஓரம் ரம்பம்போல் மூன்று மேடாக வருகிறதே என்று அடுத்து உங்களுக்குக் கவலை வரும். நிரந்தரப் பல் பால்பல் அளவுக்கு வெள்ளையாக இருக்காது. மேடுகள் கடித்துக் கடித்துத் தேய்ந்துவிடும்.

இனி அந்தக் கறுத்த பல். உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத வரி "விழப்போற பல்லுக்கு எதுக்குச் செலவு" என்பதுதான். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் நைனாவும் இதையேதான் சொன்னார்.

1974-ல் எனக்கு எட்டு வயது. கீழ்க் கடைவாயில் ஒரு பல் சொத்தையாகி, கன்னம் வீங்கி, மூன்று நாள் கஞ்சி மட்டும் குடித்தேன். பக்கத்து ஊரில் பல் பிடுங்குகிற ஒருவரிடம் நைனா என்னைச் சைக்கிளில் உட்காரவைத்து அழைத்துப்போனார். அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "பால்பல்லுதான், புதுசு முளைக்கும்" என்று பிடுங்கிப் போட்டார். காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். அந்தப் பல் இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. அதற்கு இரண்டு நீளமான வேர்கள் இருந்தன, முழுசாக, கரையாமல். அதைப் பார்த்து யாராவது ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். உங்கள் மகன் வேர் இல்லையே என்று கேட்கிறான். என் பல்லில் வேர் இருக்கிறதே என்று கேட்க ஆள் இல்லை. புதுசு முளைக்கவே இல்லை. அது பால்பல் இல்லை.

ஆறு வயதை ஒட்டி, பால் கடைவாய்ப் பற்களுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு பெரிய பற்கள் முளைக்கும். எதுவும் விழாததால் வீட்டில் யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் பால்பல் என்றே நினைப்பார்கள். அவை நிரந்தரப் பற்கள். அவை போனால் போனதுதான். என் பல் போன இடத்துக்குப் பின்பல் சாய்ந்து வந்தது, மேலே இருந்த பல் எதிராள் இல்லாமல் இறங்கி வந்தது. அன்றிலிருந்து நான் வலது பக்கம் மெல்வதில்லை.

அதனால் முதல் வேலையாக எண்ணுங்கள். பால்பற்கள் மொத்தம் 20, தாடைக்குப் பத்து. கீழே நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணினால் ஐந்து. விழுந்த பல்லின் இடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வரிசையாக இருப்பதை ஒன்றாகவே எண்ணுங்கள். கறுத்த பல் ஆறாவதாக வந்தால் அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ இருந்தால் பால்பல்தான். ஆனாலும் அது விழப் பொதுவாகப் பத்து, பன்னிரண்டு வயது ஆகும். அதாவது இன்னும் நாலைந்து வருஷம் அந்தப் பல்லால்தான் அவன் சாப்பிட வேண்டும். அது முன்கூட்டியே போனால் ஆறு வயதுப் பல் முன்னால் நகர்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு வரவேண்டிய பல்லுக்கு இடமில்லாமல் கோணலாக வரும். சீழ் வேர்வரை இறங்கினால் அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் எனாமலும் பழுதாகலாம். இதையெல்லாம் விடுங்கள், ஆறரை வயதுப் பிள்ளை ராத்திரியில் பல்வலியோடு எழுந்து உட்காருகிறான். அந்த ஒன்று போதாதா? ராத்திரியில் எழுப்புகிற வலி என்றால் சொத்தை நரம்புவரை போயிருக்கக்கூடும். பால்பல்லுக்கும் வேர் சிகிச்சை செய்து கேப் போடுகிறார்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றாலும் அந்த இடம் மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு கம்பி வளையம் வைப்பார்கள். குழந்தைகளுக்கென்றே படித்த பல் டாக்டர் கிடைத்தால் நல்லது. உங்கள் ஊரில் இல்லையென்றால் வேலூர் சி.எம்.சி.யிலும் பல் பிரிவு இருக்கிறது. புதிதாக வரும் ஆறு வயதுப் பற்களின் குழிகளைப் பூசி அடைக்க முடியுமா என்றும் கேளுங்கள். சொத்தை பெரும்பாலும் தொடங்குவதே அந்தக் குழிகளில்தான்.

ராத்திரி படுக்கும் முன் பட்டாணி அளவு ஃபுளோரைடு பேஸ்ட் வைத்து நீங்களே தேய்த்துவிடுங்கள். ஏழு, எட்டு வயதுவரை பின்பல்லுக்குப் பிள்ளைகளின் கை சரியாக எட்டாது. ஆற்காட்டிலிருந்து யாராவது மக்கன் பேடா வாங்கி வந்தால் கொடுங்கள், பாவம். சாப்பாட்டோடு ஒரு வேளையாகச் சாப்பிட்டு முடிக்கட்டும். எவ்வளவு இனிப்பு என்பதைவிட நாளில் எத்தனை தடவை என்பதுதான் பல்லைக் கெடுக்கிறது.

மகளின் மேல் பல்லைப் பற்றி. கீழ் முன்பற்கள் பெரும்பாலும் ஆறிலிருந்து பத்து மாதத்துக்குள் முளைக்கும், மேல் முன்பற்கள் எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள். இரண்டுக்கும் நடுவே அந்த எட்டு, ஒன்பது, பத்தாம் மாதம் பொதுவானது. அதில் எது முந்தினாலும் ஒன்றும் இல்லை. நான் ஒரு தாய்மாமன். என் அக்கா மகளுக்கும் மேல் பல்தான் முதலில் வந்தது. அவளுக்கே இப்போது கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருக்கிறான். உங்கள் மாமியாரிடம் சண்டை போட வேண்டாம், அவர்கள் கேட்டு வளர்ந்ததைச் சொல்கிறார்கள். ஆனால் தம்பி வந்தால் குழந்தையைத் தூக்கி அவன் கையில் கொடுங்கள். அந்தப் பல்லால் அவன் விரலைக் கடித்துப் பார்க்கட்டும்.

டாக்டரிடம் போகும்போது மகனிடம் அந்தத் தீப்பெட்டியையும் எடுத்துவரச் சொல்லுங்கள். வேர் எங்கே என்று அவனே அவரிடம் கேட்கட்டும். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.